பெரியம்மா நடக்காத நடையா?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை முருகன் படத்துக்கும் மதியத் தங்க விலைக்கும் நடுவே ஒரு ஃபார்வர்ட் வந்து விழுந்தது. ‘தினமும் அரை மணி நேரம் நடங்கள், வயதான காலத்தில் மறதி நோய் உங்கள் பக்கமே எட்டிப் பார்க்காது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே வெள்ளை ஷூ மாட்டிய ஒரு தாத்தா சிரித்துக்கொண்டே நடந்தார். அனுப்பியவர் சென்னையில் இருக்கும் மாமா. வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டியும் தினம் பூங்காவைச் சுற்றி வருகிறவர். அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. நாலைந்து பேர் கைகூப்பினார்கள். அப்புறம் பெரியம்மாவின் மகள், எங்கள் அக்கா, ஒரே ஒரு வரி போட்டாள்: “எங்கம்மா நடக்காத நடையா மாமா?” குழு அப்படியே அடங்கிவிட்டது. மறுநாள் முருகன் வந்துதான் மறுபடி பேச்சு ஆரம்பித்தது.

அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. மாமாவும் பெரியம்மாவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அவள் மூத்தவள், 84 வயது. அவர் அடுத்தவர். திருவண்ணாமலை மாவட்டத்தில் சேத்துப்பட்டுப் பக்கத்துக் கிராமம். தொட்டிலில் கிடந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும் என்று பெரியம்மாவைப் பள்ளிக்கூடத்திலேயே சேர்க்கவில்லை. தம்பி படித்தார், ஆரணிக்குப் போய் மேலே படித்தார், பரீட்சை எழுதி வங்கிக்குள் நுழைந்தார். அவள் நாற்று நட்டாள், களை எடுத்தாள், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை பிடுங்கினாள், ஏரிக்கரையைத் தாண்டிப் போய் விறகு சுமந்து வந்தாள். கல்யாணத்துக்கு அப்புறமும் அதே வேலைதான், நிலம்தான் வேறு. பிற்காலத்தில் இரண்டு கறவை மாடுகள். விடிவதற்குள் பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றி, திரும்பி வந்து சாணி அள்ளி, வெயில் ஏறுவதற்குள் புல்லறுக்கக் கிளம்பிவிடுவாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே சாப்பாட்டு நேரத்தில்தான். இன்று மாமா குறுக்கெழுத்து போடுகிறார், வருமான வரிக் கணக்கைத் தானே தாக்கல் செய்கிறார். பெரியம்மாவுக்கு அக்காவின் முகமே தெரிவதில்லை. அந்த ஃபார்வர்டை அக்கா எப்படிச் சும்மா விடுவாள்?

இதற்கு எங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு விடைகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று அக்காவுடையது. உழைத்தவரை அம்மா நன்றாகத்தான் இருந்தாள், அண்ணன் மாடுகளை விற்று அவளை வீட்டோடு உட்கார வைத்தான், உட்கார்ந்ததும் எல்லாம் போய்விட்டது என்பாள். இன்னொன்று ஊராருடையது: “மாடா உழைச்ச உடம்பு, மூளையும் சேந்து தேஞ்சு போச்சு.” முதலாவது உழைப்பு நின்றுபோனதைக் குற்றம் சொல்கிறது, இரண்டாவது உழைப்பையே குற்றம் சொல்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற உறவினர்களும் உண்டு. நான் மருத்துவன் இல்லை. ஆனாலும் ஒரு கேள்வி இப்படி வந்து ஒட்டிக்கொண்டால் படிக்காமல் இருக்க முடிவதில்லை. படிக்கப் படிக்க, மாமா சொன்னதும் பொய்யில்லை, அக்கா கேட்டதும் பொய்யில்லை என்ற சிக்கலில் போய் நின்றேன்.

பாத்திரம் தேய்ப்பதும் கணக்கில் வரும்

முதலில் மாமா பக்கத்து நியாயம். 1953-இல் லண்டனில் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் மாடி பஸ்களின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு எழுதினார். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநரைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் நடத்துநருக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. உடல் அசைவு பற்றிய நவீன ஆராய்ச்சிக்குப் பிள்ளையார் சுழி போட்டது அதுதான் என்பார்கள். அவர் பார்த்தது உடற்பயிற்சிக் கூடத்தை அல்ல, வேலையை. அங்கிருந்து மூளைக்கு வருவது பெரிய தாவல் இல்லை. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே இருக்கும் மூளை, உடம்பு வாங்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ரத்தக்குழாய்கள் சீராக இருந்தால்தான் மேலே விளக்கெரியும்.

சிகாகோவில் ரஷ் பல்கலைக்கழகத்தின் ஆரன் புக்மன் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. சராசரி வயது 82 உள்ள 716 பேரின் மணிக்கட்டில் கைக்கடிகாரம் அளவுக்கு ஒரு கருவியைப் பத்து நாள் வரை கட்டிவிட்டார்கள். அது நடையை மட்டும் எண்ணவில்லை. பாத்திரம் தேய்ப்பது, சமைப்பது, துணி மடிப்பது, சீட்டு விளையாடும்போது கையை ஆட்டுவது வரை உடம்பின் எல்லா அசைவையும் சேர்த்தே எண்ணியது. சராசரி மூன்றரை ஆண்டுகளுக்குள் அவர்களில் 71 பேருக்கு, மறதி நோயில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் வந்தது. அசைவில் கடைசிப் பத்து சதவீதத்தில் இருந்தவர்களுக்கு, முதல் பத்து சதவீதத்தில் இருந்தவர்களைவிட 2.3 மடங்கு அதிக வாய்ப்பு. பெரியம்மாவிடம் யாராவது “எக்சர்சைஸ் பண்றீங்களா?” என்று கேட்டிருந்தால் “அதெல்லாம் எனக்கு எதுக்கு கண்ணு, வேலை கெடக்குது” என்றுதான் சொல்லியிருப்பாள். கேட்டவர் ‘உடற்பயிற்சி இல்லை’ என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். மணிக்கட்டுக் கருவி அப்படி ஏமாறாது.

மாமாவின் கைப்பேசி தினமும் பத்தாயிரம் காலடி கேட்டு நச்சரிக்கிறது. அந்தப் பத்தாயிரம் எந்த ஆய்வுக்கூடத்திலிருந்தும் வந்ததில்லை. 1965 வாக்கில் ஜப்பானில் ஒரு நிறுவனம் விற்ற ‘மான்போ-கெய்’ என்ற நடைமானியின் பெயரிலேயே அந்த எண் இருந்தது, அப்படியே உலகம் சுற்றிவிட்டது. ஆனால் வேடிக்கை, 2022-இல் பிரிட்டனின் பயோபேங்க் என்ற பெரிய உடல்நலத் தரவில் 78,430 பேரை வைத்துக் கணக்குப் போட்டபோது, டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவாக இருந்த இடம் நாளுக்கு 9,826 காலடி என்று வந்தது. விளம்பரக்காரர் குருட்டாம்போக்கில் எறிந்த கல் மாங்காய்க்குப் பக்கத்தில்தான் விழுந்திருக்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு எண். 3,826 காலடி நடந்தவர்களிடமே வாய்ப்பு 25 சதவீதம் குறைவாக இருந்தது. வீட்டு வேலையும் கடைத்தெருவும் சேர்ந்தால் எட்டிவிடக்கூடிய அளவு அது.

இன்னும் ஒன்று. 2011-இல் கிர்க் எரிக்சன் குழு அமெரிக்காவில் 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை வாரம் மூன்று நாள் நாற்பது நிமிடம் வேகமாக நடக்க வைத்தது. மீதிப் பேர் கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி செய்தார்கள். ஓராண்டு கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, புது நினைவுகள் பதிவதற்குத் தேவையான ஹிப்போகேம்பஸ் பகுதி நடந்தவர்களுக்கு 2 சதவீதம் பெருத்திருந்தது. நீட்டி மடக்கியவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. மாமாவின் ஃபார்வர்டுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. சரி, அப்படியானால் பெரியம்மா?

கழனியில் நடந்த நடை

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் எத்தனை பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது என்று நாடு முழுக்கப் பார்த்த லாசி-டாட் ஆய்வின் கணக்கு 2023-இல் வந்தது. 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேர். அதை ஆண், பெண், ஊர், நகரம் என்று பிரித்துப் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். ஆண்களில் 5.8 சதவீதம், பெண்களில் 9 சதவீதம். நகரத்தில் 5.3, கிராமத்தில் 8.4. நடந்தால் வராது என்றால், இந்த நாட்டிலேயே அதிகம் நடந்த கூட்டம் கிராமத்துப் பெண்கள்தான். அவர்களிடம்தான் அதிகம் இருக்கிறது. அக்கா கேட்டது ஒரு மகளின் ஆற்றாமை மட்டும் இல்லை என்று அந்த எண்கள் சொல்லின.

பள்ளிக்கூடம் பெரிய காரணம். படிக்காதவர்களிடம் நோய் அதிகமாகத் தெரிகிறது என்பது அந்த ஆய்விலேயே இருக்கிறது. இதில் அளவுகோலின் குற்றம் எவ்வளவு என்று ஒரு சந்தேகம் எழும். ‘கண்ணை மூடு’ என்று எழுதிய அட்டையை நீட்டி, படித்து அதன்படி செய்யச் சொல்வது நினைவாற்றல் சோதனைகளில் வழக்கம். எழுத்து தெரியாத கிழவியிடம் அதை நீட்டி என்ன பயன்? தொண்ணூறுகளில் ஹரியானாவின் பல்லப்கட் கிராமங்களில் ஆய்வு செய்தவர்கள் இதை யோசித்து, ‘என் முகத்தைப் பார், நான் செய்வதை நீயும் செய்’ என்று சொல்லிவிட்டுத் தாங்கள் கண்ணை மூடிக் காட்டினார்கள். இப்படி ஆட்களுக்குத் தக்கபடி சோதனையை மாற்றிக்கொண்டார்கள். லாசி-டாட்டும் படிக்காதவர்கள் நிறைந்த நாட்டை மனத்தில் வைத்துக் கட்டியதுதான். ஆகவே முழுப் பழியையும் அளவுகோல் மேல் போட முடியாது. சின்ன வயதில் படிப்பு கிடைத்த மூளைக்கு, பின்னாளில் நோய் வந்தாலும் கொஞ்சகாலம் சமாளித்து ஓட்டக் கையிருப்பு இருக்கிறது. பெரியம்மாவுக்குச் சேர வேண்டிய அந்தக் கையிருப்பு, தொட்டிலில் கிடந்த தம்பியின் கணக்கில் போய்விட்டது. மாமாவுக்கும் இது தெரியும். “அக்கா படிச்சிருந்தா என்னைவிடப் பெரிய வேலைக்குப் போயிருப்பா” என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

உழைப்பையே எடுத்துக்கொண்டால், அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. கோபன்ஹேகனில் எழுபதுகளில் ஆய்வில் சேர்க்கப்பட்ட சில ஆயிரம் ஆண் தொழிலாளர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்து 2020-இல் எழுதினார்கள். உட்கார்ந்து வேலை பார்த்தவர்களைவிட, கடும் உடலுழைப்பு வேலை பார்த்தவர்களுக்கு டிமென்ஷியா 55 சதவீதம் அதிகம். ஓய்வு நேரத்தில் விரும்பி ஓடியாடுவது நன்மை செய்ய, பிழைப்புக்காக மாய்வது ஏன் அதே நன்மையைச் செய்வதில்லை என்று அங்குள்ள ஆய்வாளர்கள் வெகுநாளாகக் கேட்டுவருகிறார்கள். எனக்கு இதில் பெரிய மர்மம் தெரியவில்லை. மாமா நாற்பது நிமிடம் நடந்துவிட்டு வந்து, மோர் குடித்து, மின்விசிறிக்குக் கீழே சாய்ந்துகொள்வார். மூட்டு வலித்தால் அன்றைக்கு நடக்க மாட்டார். பெரியம்மாவுக்கு நிறுத்துகிற உரிமை கிடையாது. காய்ச்சலோடு நாற்று நட்டிருக்கிறாள். எட்டு மணி நேரம் குனிந்தபடியே களையெடுக்கும் உடம்புக்கு ரத்த அழுத்தம் இறங்க எங்கே நேரம்? பயிற்சியின் பாதி, அது முடிந்த பிறகு வரும் ஓய்வில் இருக்கிறது. அவளுக்கு முதல் பாதி மட்டுமே கிடைத்தது, அதுவும் அளவுக்கு மிஞ்சி.

“அப்போ உழைக்கிறவங்க எல்லாருக்கும் இதே கதிதானா?” என்று அக்கா கேட்டாள். இல்லை. பொலிவியக் காடுகளில் வாழும் சிமானே மக்கள் வேட்டையாடியும் மீன்பிடித்தும் பயிர் செய்தும் கடைசிவரை உடலுழைப்பிலேயே இருப்பவர்கள். அவர்களில் 60 வயதைத் தாண்டிய 435 பேரைப் பரிசோதித்து 2022-இல் எழுதினார்கள். டிமென்ஷியா வெறும் ஒரு சதவீதம் அளவுக்குத்தான். படிப்பு அவர்களுக்கும் அதிகம் இல்லை. ஆனால் ரத்தக்குழாய் அடைப்பு அவர்களிடம் மிகமிகக் குறைவு. பெரியம்மாவின் கதை வேறு. பிரஷர் எத்தனை வருஷம் ஏறிக் கிடந்ததோ தெரியாது. மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன அன்றுதான் கண்டுபிடித்தார்கள், சர்க்கரையையும் கூடவே. வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில்தான் தொடங்கியது. மாமாவுக்கு வங்கியில் வருடாவருடம் பரிசோதனை, ஐம்பது வயதிலிருந்தே மாத்திரை. பின்னால் ஸ்கேன் எடுத்தபோது பெரியம்மாவுக்கு அல்சைமரோடு சேர்த்து, மூளையில் அங்கங்கே சின்னச் சின்ன ரத்தக்குழாய் அடைப்புகள் ஏற்பட்ட தழும்புகளும் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டும் கலந்து வருவது இந்த வயதில் சகஜமாம்.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. உலகில் வரும் டிமென்ஷியாவில் 45 சதவீதம், மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது. அதில் உடல் அசைவு இல்லாமைக்கு 2 சதவீதம். இளமையில் படிப்பு இல்லாததற்கு 5. தனிமைக்கு 5. காது கேளாமைக்கு 7. அசைவின்மை மற்ற காரணங்கள் வழியாகவும் வேலை செய்யும் என்பதால் அந்த 2-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, பிரஷரும் சர்க்கரையும் ஏறுவதில் அதற்குப் பங்கு இருக்கிறது. ஆனாலும் காது மிஷின் மாட்டிக்கொள்ளச் சொல்லி ஒரு ஃபார்வர்ட் கூட இதுவரை எங்கள் குழுவுக்கு வந்ததில்லை. பெரியம்மாவுக்குக் காது மந்தமாகிப் பல வருஷம் ஆகிறது. “வயசானா அப்படித்தான்” என்று சத்தமாகப் பேசிப் பழகிக்கொண்டோம். போகப் போக, சத்தமாகப் பேச அலுத்துப்போய் அவளிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டோம்.

மாடு விற்ற கதை

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் “இருந்தாலும் மாட்டை வித்திருக்கக் கூடாது” என்பாள். அண்ணன் பதில் பேசமாட்டார். தன் கையால் அம்மாவைக் கட்டிலில் போட்டுவிட்டோம் என்று அவருக்கே உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. விஷயம் அங்கேதான் பல காலம் நின்றது. போன வைகாசியில் ஊருக்குப் போயிருந்தபோது, அண்ணன் வெளியே போன நேரம் பார்த்து அண்ணி பேச ஆரம்பித்தார்.

“தம்பி, மாட்டை வித்தது அப்புறம். அதுக்கு முன்னாடியே அத்தை சொசைட்டிக்குப் போறத நிறுத்திட்டாங்க. அது யாருக்கும் தெரியாது.” சொசைட்டியில் பால் அளவைக் குறைத்து எழுதுகிறான் என்று தினமும் சண்டையாம். அண்ணி போய் அட்டையைப் பார்த்தால் கணக்கு சரியாக இருந்திருக்கிறது. அப்புறம் கால் வலி என்று சொல்லி, பால் கொண்டுபோகும் வேலையை மெல்ல அண்ணி தலையில் கட்டிவிட்டாள் பெரியம்மா. புல்லறுக்கப் போவதும் குறைந்தது. வரப்பில் போய் நின்று, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் யாராவது வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் ஒருநாள் சாயந்திரம் கறந்து முடித்த மாட்டிடமே மறுபடியும் சொம்பை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பால் இல்லை, இவள் விடவில்லை, மாடு உதைத்துவிட்டது. அந்த வாரம்தான் அண்ணன் மாடுகளைப் பிடித்துக்கொடுத்தார். “முதல்லயே ஏன் சொல்லல அண்ணி?” என்று கேட்டேன். “நான் சொன்னா மாமியாரைக் குறை சொல்றேன்னு ஆயிடும். உங்க அக்கா என்னைச் சும்மா விடுவாங்களா?” என்றார். இத்தனை வருஷமாக அந்த வீட்டில் நோயின் முதல் அடையாளங்களைப் பார்த்த ஒரே ஆள், மருமகள் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

அதற்கு முன்பே நான் படித்துவிட்டு, சரியாகப் புரியாமல் ஒதுக்கி வைத்திருந்த ஒரு ஆய்வு அப்போது விளங்கியது. லண்டனில் அரசு ஊழியர்கள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களை 1985 முதல் தொடர்ந்து பார்த்துவரும் ‘வைட்ஹால் 2’ ஆய்வு அது. 2017-இல் அதை வைத்து எழுதியவர்கள், நடுத்தர வயதில் அதிகம் அசைந்தவர்களுக்கும் குறைவாக அசைந்தவர்களுக்கும் பின்னால் டிமென்ஷியா வருவதில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை என்றார்கள். ஆனால் நோய் வந்தவர்களைப் பின்னோக்கிப் பார்த்தால், நோய் என்று கண்டுபிடிப்பதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பிருந்தே அவர்களுடைய நடமாட்டம் குறையத் தொடங்கியிருந்தது. உட்கார்ந்ததால் நோய் வந்தது என்று நாம் பார்ப்பதில் ஒரு பகுதி, நோய் ஆரம்பித்துவிட்டதால் உட்கார்ந்தது. இதை வைத்துப் பார்த்தால் எனக்குப் பிடித்த அந்த மணிக்கட்டுக் கருவி ஆய்வின் மேலும் நிழல் விழுகிறது. கருவி கட்டியபோதே சிலருக்கு உள்ளே நோய் நகர ஆரம்பித்திருக்கலாம், அதைப் பிரித்துப் பார்க்க மூன்றரை ஆண்டு போதாது.

அண்ணியின் சம்மதத்தோடு அக்காவிடம் போனில் இதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். “அவ ஏன் எங்கிட்ட சொல்லல?” என்பதுதான் முதல் கேள்வி. ஏன் என்று அவளுக்கே தெரியும் என்பதால் நான் பதில் சொல்லவில்லை. அண்ணனோ இதைக் கேட்டுவிட்டு, “அப்போ மாடு வித்தது தப்பில்லையா?” என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டார். மாடு விற்றதால் நோய் வரவில்லை. விற்ற பிறகு செய்ய எதுவும் இல்லாமல் போனதில் கொஞ்சம் வேகம் பிடித்திருக்கலாம். இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னேன். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன், பரவாயில்லை.

மல்லாட்டை உடைக்கும் கை

அப்படியானால் இனி அவள் அசைந்து என்ன, உட்கார்ந்திருந்து என்ன என்று ஒரு கேள்வி வருகிறது. உடற்பயிற்சி மருந்து மாதிரி வேலை செய்யும் என்று நம்பிச் செய்த பெரிய சோதனைகள் ஏமாற்றியும் இருக்கின்றன. அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரை உள்ள 1,635 பேரை வைத்து, இரண்டு வருடம் ஒரு பாதிக்குப் பயிற்சியும் மறு பாதிக்கு ஆரோக்கிய வகுப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். 2015-இல் முடிவு வந்தபோது நினைவாற்றலில் இரண்டு பாதிக்கும் வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு பின்லாந்தில் 1,260 பேரிடம் உணவு, பயிற்சி, மூளைக்கு வேலை, பிரஷர் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் செய்த ஃபிங்கர் ஆய்வில் ஓரளவு பலன் தெரிந்தது. நடையைத் தனியாகப் பிரித்தெடுத்து அதன் தலையில் எல்லாப் பாரத்தையும் ஏற்றினால் அது தாங்காது போல.

ஆனால் புக்மன் குழுவே 2019-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு என்னை மறுபடி யோசிக்க வைத்தது. இறந்த பிறகு மூளையைத் தானம் செய்த 454 முதியவர்கள், அவர்களில் 191 பேருக்கு டிமென்ஷியா. உயிரோடு இருந்தபோது அவர்கள் எவ்வளவு அசைந்தார்கள் என்பதும், மூளைக்குள் எவ்வளவு சேதம் என்பதும் இரண்டும் கையில் இருந்தன. சேதம் எவ்வளவு என்பதைக் கழித்துப் பார்த்தாலும், அதிகம் அசைந்தவர்களின் நினைவும் சிந்தனையும் மேலாகவே இருந்தன. டிமென்ஷியா வந்தவர்களிடையிலும் அப்படித்தான். இதிலும் எது முன், எது பின் என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் நோய் வந்தவரை உட்கார வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு எந்தப் பக்கத்திலும் ஆதாரம் இல்லை. நம் ஊரில் மரியாதை என்றாலே “நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்” தான். கரண்டியை வாங்கிக்கொள்வோம், துடைப்பத்தைப் பிடுங்குவோம், கடைசியில் டி.வி. ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டு நல்ல பிள்ளைகள் என்று பெயர் வாங்குவோம். அறுபது வருஷம் மாய்ந்தவளுக்கு ஓய்வு வேண்டும்தான். கிடைக்க வேண்டிய வயதில் கிடைக்காத ஓய்வை எண்பதில் மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டுவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

அண்ணி இதை எந்த ஆய்வையும் படிக்காமல் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஆனிப் பட்டத்துக்கு விதை மல்லாட்டை உடைக்கிற நேரம் அது. திண்ணையில் ஒரு கூடைக் காயைக் கொட்டி, முறத்தை வைத்துப் பெரியம்மாவை உட்கார வைத்திருந்தார். நானும் எதிரே உட்கார்ந்தேன். “நீ யாரு வூட்டுப் புள்ள?” என்றாள். சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். காயின் மூக்குப் பக்கத்தைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு அழுத்து, தோடு பிளந்துவிடும், பருப்பு உள்ளங்கையில் விழும். விதைக்கு எடுக்கும் பருப்பில் சிவப்புத் தோல் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்க வேண்டும், கிழிந்தால் முளைப்பு போய்விடும். நல்லது முறத்துக்கு, தோல் போனதும் சுருங்கியதும் பக்கத்துத் தட்டுக்கு. நான் உடைத்ததில் பாதி தோல் உரிந்தது. அதில் ஒன்றை முறத்தில் போட்டுவிட்டேன். அவள் என்னை நிமிர்ந்தும் பார்க்காமல் அதை இரண்டு விரலால் பொறுக்கித் தட்டில் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து “நீ யாரு வூட்டுப் புள்ள?” என்றாள். கையில் இருக்கும் வேலை ஒரு பக்கம் பதிந்திருக்கிறது, ஆட்களும் பெயர்களும் வேறு பக்கம். நோய் முதலில் அரிப்பது இரண்டாவதை என்று புத்தகத்தில் இருக்கிறது. தோடு நிறைந்ததும் அவளே எழுந்து கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்க் கொட்டிவிட்டு வந்தாள். போய்வர எப்படியும் நூறு காலடி இருக்கும். ஒரு மதியத்தில் பலதரம் போய்வந்தாள்.

“இது இருக்கிற அன்னிக்கு சாயந்திரம் வாசலுக்கும் உள்ளுக்கும் அலையறது இல்ல, ராத்திரி தூங்கறாங்க. இல்லாத அன்னிக்கு எனக்குத்தான் சிவராத்திரி” என்றார் அண்ணி. நோய் குறைந்ததாக அவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். மல்லாட்டைக் காலம் முடிந்தால் முருங்கைக்கீரை உருவக் கொடுக்கிறார், அதுவும் இல்லாவிட்டால் மடித்து வைத்த துணியைக் கலைத்து மறுபடி மடிக்கக் கொடுக்கிறார். பெரியம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டால் திட்டுவாளாம். இத்தனையையும் ஏற்பாடு செய்கிற அண்ணிக்கு வயது 58, அவருக்கும் பிரஷர் உண்டு. நாளெல்லாம் அந்த வீட்டில் அதிகம் நடப்பவர் அவர்தான், அதில் ஒரு அடிகூட அவர் ஆசைப்பட்டு நடப்பதில்லை. கோபன்ஹேகன் கணக்கு பெண்களைப் பற்றியது இல்லை என்றாலும் எனக்கு அவரைப் பார்க்கும்போது அது ஞாபகம் வருகிறது. மாசத்தில் ஒரு வாரம் அக்கா வந்து பெரியம்மாவோடு இருக்க, அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போய் வருவது என்று இப்போது பேச்சு நடக்கிறது. அண்ணி அதை இன்னும் நம்பவில்லை.

காதுக்கு மிஷின் வாங்கினோம். பெரியம்மா அதைப் பிடுங்கி அரிசிப் பானையில் போட்டுவிடுகிறாள், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அரை மணி நேரம் பொறுத்துக்கொள்கிறாள். அடுத்த பஞ்சாயத்து கொல்லைத் தரையைப் பற்றியது. அம்மா நடக்க வசதியாக இருக்கட்டும் என்று அண்ணன் அங்கே வழவழப்பான டைல்ஸ் ஒட்ட முடிவு செய்திருந்தார். ஈரம் பட்டால் முதல் ஆளாக அவள்தான் வழுக்கி விழுவாள், இடுப்பெலும்பு போனால் அதோடு நடையும் போய்விடும் என்று நானும் அக்காவும் ஒரே குரலில் சண்டை போட்டோம். இந்த விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சியில் நின்றது அதுதான் முதல்முறை. டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பான சிமெண்டுத் தரையே இருக்கட்டும், திண்ணையிலிருந்து கொல்லைவரை சுவரோரம் கைப்பிடி போடலாம் என்று முடிவானது. வெல்டிங் பட்டறைக்காரர் வந்து அளவெடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இரும்புக் குழாயா, எவர்சில்வர் குழாயா என்று அண்ணன் இன்னும் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.